சுழற்றினால் தெரியும்

பச்சை முட்டையையும் அவித்த முட்டையையும் தரையில் சுழற்றிப் பாருங்கள். அவித்தது பம்பரமாய்ச் சுற்றும். பச்சை முட்டை தள்ளாடும். ஓடு சுற்றினாலும் உள்ளிருக்கும் திரவம் உடனே கூடவராது. ஓட்டை உடைக்காமலே உள்ளே இருப்பது கெட்டியா, திரவமா என்று சொல்லிவிடலாம்.

ஒரே பொருள் இரண்டுமாக இருக்க முடியுமா? அணுக்கள் படிகம்போல் அணிவகுத்து நிற்க வேண்டும். அதே அணுக்கள் உராய்வே இல்லாமல் பாயவும் வேண்டும். இந்த நிலைக்கு சூப்பர்சாலிட் என்று பெயர். குவாண்டம் விதிகள் இதற்கு இடம் தருகின்றன என்று 1969இல் சோவியத் இயற்பியலாளர்கள் ஆந்திரேயெவும் லிஃப்ஷிட்ஸும் எழுதினார்கள்.

2004இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிம்மும் மோசஸ் சானும் திட ஹீலியத்தை ஒரு சிறு கலத்தில் அடைத்து, கடுங்குளிரில் இப்படியும் அப்படியுமாக முறுக்கி ஆட்டினார்கள். சுமார் 0.2 கெல்வினுக்குக் கீழே ஆட்டம் சற்றே வேகமெடுத்தது. ஹீலியத்தில் ஒரு சிறு பங்கு கூடச் சுழலாமல் நின்றுவிட்டது என்று முடிவுகட்டினார்கள். குளிரில் திட ஹீலியம் விறைத்துப்போவதாலும் அதே மாற்றம் வரும் என்பது பின்னால் தெரிந்தது. கலத்தின் அமைப்பை மாற்றி, சானே 2012இல் மறுபடி அளந்தார். பழைய அடையாளம் காணவில்லை. அதையும் அவரே வெளியிட்டார். இந்தக் கதையில் நான் தலைவணங்கும் இடம் அது.

வழி திறந்தது டிஸ்ப்ரோசியம் என்ற உலோகத்தின் கடுங்குளிர் வாயுவில். வழக்கமான குளிர் வாயுக்களில் அணுக்கள் முட்டிக்கொள்ளும்போதுதான் ஒன்றையொன்று உணரும். டிஸ்ப்ரோசியத்தின் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். ரூபிடியம் அணுவைவிட அதன் காந்தவலிமை 10 மடங்கு. இரண்டு அணுக்களுக்கிடையே உள்ள காந்த விசை 100 மடங்காகிறது. தள்ளி நிற்கும் அணுவுக்கும் அது எட்டுகிறது. அதிலும் ஒரு விசித்திரம்: ஒன்றன் தலைமாட்டில் மற்றொன்று நின்றால் ஈர்ப்பு, பக்கத்தில் பக்கத்தில் நின்றால் விலக்கு. ஈர்ப்பால் அணுக்கள் சின்னச்சின்னத் துளிகளாகத் திரள்கின்றன. விலக்கால் அந்தத் துளிகள் சம இடைவெளி விட்டு வரிசையாக நிற்கின்றன. துளி தனக்குள்ளேயே நொறுங்கிவிடாமல் காப்பது குவாண்டம் அலைவு. இவ்வளவுக்கும் எந்த அணுவும் இந்தத் துளிக்குரியது என்று சொல்ல முடியாது. வரிசை முழுவதும் ஒரே அலை.

2019இல் இத்தாலியின் பிசா–ஃபுளோரன்ஸ், ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் என மூன்று குழுக்கள் இந்த சூப்பர்சாலிட் நிலையைக் கண்டன. 2021இல் இன்ஸ்ப்ரூக் குழு ஒற்றை வரிசையை இருபரிமாணப் பரப்பாக விரித்தது.

மிச்சமிருந்தது முட்டைச் சோதனை. உராய்வற்ற பாய்மத்தைச் சுழற்றினால் அது மொத்தமாகச் சுற்றாது. உள்ளே நுண்ணிய சுழிகளை உண்டாக்கும். 2024இல் ஃபிரான்செஸ்கா ஃபெர்லைனோவின் இன்ஸ்ப்ரூக் குழு, காந்தப்புலத்தையே மத்தாக்கி டிஸ்ப்ரோசியம் சூப்பர்சாலிடைக் கடைந்தது. துளிகளின் இடுக்குகளில் சுழிகள் தென்பட்டன.