அணி தள்ளாடினால் ஊரை மாற்றலாமா?

டி.என்.பி.எல். சீசன் வந்துவிட்டால் ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலை டீக்கடைகளிலும் செல்போனில் ஸ்கோர் ஓடும். சிலருக்குச் சேப்பாக், சிலருக்குத் திண்டுக்கல், சிலருக்குக் கோவை. திருவண்ணாமலை பெயரில் அணி இல்லாததால், பிடித்த வீரர் எங்கே ஆடுகிறாரோ அதுவே இவர்கள் அணி. சொந்த அணி இல்லாத ஊரில் இருந்துகொண்டு ஒரு கேள்வியை நிதானமாகக் கேட்கலாம். ஒரு அணி சரியாக ஓடவில்லை என்றால் அதை வேறு ஊருக்கு மாற்றலாமா? ஒரேயடியாக நீக்கிவிடலாமா?

பெயர் ஓர் ஊர், மைதானம் வேறு ஊர்

2016-ல் 8 அணிகளோடு டி.என்.பி.எல். தொடங்கியது. முதல் கோப்பையை வென்றது தூத்துக்குடி பெயரில் ஆடிய டூட்டி பேட்ரியாட்ஸ். இன்று அந்த அணி எங்கே? சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆகிவிட்டது. காரைக்குடி காளை, திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. திருவள்ளூர் வீரன்ஸ் 2018-ல் காஞ்சி வீரன்ஸ் ஆனது. அதன் இடத்தில் இப்போது நெல்லை ராயல் கிங்ஸ்.

ஆனால் இந்த ஊர்களில் பெரிய போராட்டம் எதுவும் நடக்கவில்லை. காரணம் எளிது. தொடக்க ஆண்டுகளில் போட்டிகள் நடந்ததே சேப்பாக்கம், திருநெல்வேலி, திண்டுக்கல் மாவட்டம் நத்தம் என மூன்றே இடங்களில்தான். தூத்துக்குடிக்காரர் தன் ஊர் அணியைத் தன் ஊரில் ஒருநாளும் பார்த்ததில்லை. பெயர்ப் பலகையைக் கழற்றி வேறு ஊரில் மாட்டினால் யாருக்கு வலிக்கும்?

மாற்றம் ஆட்டத்தைக் கெடுத்துவிடவும் இல்லை. 2025 இறுதிப் போட்டியில் திருப்பூர் தமிழன்ஸ் 220 ரன் குவித்து, திண்டுக்கல்லை 118 ரன் வித்தியாசத்தில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. அந்த வெற்றியும் திருப்பூரில் நடக்கவில்லை, நத்தத்தில்தான் நடந்தது!

கோவை கண்ட கால்பந்து

இடம் மாறி வேர் பிடித்த கதையும் நம்மிடம் உண்டு. சென்னை சிட்டி கால்பந்து அணி, கோவை நேரு ஸ்டேடியத்தைத் தன் சொந்த மைதானமாக்கிக்கொண்டது. 2019 மார்ச் 9 அன்று அதே மைதானத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. இரண்டாம் இடம் பிடித்த ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளிதான் அதிகம்.

பெயரில் சென்னை இருந்தாலும் கோவைக்காரர்களுக்கு அது 'நம்ம டீம்'. அப்படிப்பட்ட அணி 2020-21 சீசனோடு ஐ-லீக்கிலிருந்து காணாமல் போனது. கோப்பை வாங்கி இரண்டே வருடம்! அந்த கேலரியில் உட்கார்ந்து கால்பந்தின் மேல் ஆசைப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் அடுத்து யாருக்காகக் கைதட்டுவது?

ஓனரை மாற்றலாமே!

லீக் நடத்துபவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சம்பளம் தர முடியாத, உத்தரவாதத் தொகை கட்டாத அணியை எத்தனை நாள் சுமப்பது? வீரர்களின் குடும்பம் நடக்க வேண்டாமா?

ஆனால் தப்பு ஓனருடையது என்றால் தண்டனை ஊருக்கு எதற்கு? ஐ.பி.எல்.லில் இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டோம். 2009 சாம்பியனான டெக்கான் சார்ஜர்ஸின் ஒப்பந்தம் 2012-ல் ரத்தானது. ஆனால் ஹைதராபாத்துக்கு உடனே புது ஓனர் வந்தார். 2013-ல் களமிறங்கிய சன்ரைசர்ஸ், 2016-ல் கோப்பையும் வென்றது. ரசிகர்கள் ஒரு சீசனைக்கூட இழக்கவில்லை.

கொச்சி டஸ்கர்ஸ் கதை வேறு. 2011-ல் ஒரே சீசன் ஆடியதும் நீக்கப்பட்டது. அதன்பின் கேரளத்துக்கு ஐ.பி.எல். அணியே இல்லை. நீக்கிய செலவும் சும்மா போகவில்லை. கொச்சி தரப்புக்கு 538 கோடி ரூபாய்க்கு மேல் தர வேண்டும் என்ற நடுவர் தீர்ப்பை 2025 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

இங்கிலாந்தில் விம்பிள்டன் கால்பந்து அணியை 2003-ல் மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டு போனார்கள். அதற்கு முன்பே, 2002-ல், ரசிகர்கள் தாங்களே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புது அணியைத் தொடங்கி, கடைசி டிவிஷனுக்கும் கீழேயிருந்து ஆடி மேலே ஏறினார்கள். 2020-ல் தங்கள் பழைய வட்டாரமான பிளவ் லேனுக்கே திரும்பி வந்தார்கள். அணி வேர் பிடித்திருந்தால் ஊர் அதை விட்டுக்கொடுக்காது.

ஆக, வரிசை இப்படி இருந்தால் நல்லது: முதலில் ஓனரை மாற்றிப் பார்க்க வேண்டும். அதுவும் நடக்காவிட்டால்தான் ஊர் மாற்றம். நீக்குவது கடைசிப் பேச்சு.

நாளைக்கே 'திருவண்ணாமலை' என்ற பெயரில் ஓர் அணி வரலாம். ஜெர்சி என்ன நிறம், கேப்டன் யார் என்று கேட்பதற்கு முன், "நம்ம ஊரில் எத்தனை மேட்ச் ஆடுவீங்க?" என்று கேட்டுவிடுங்கள். ஒன்றுகூட இல்லை என்றால், அந்தப் பெயர் எப்போது வேண்டுமானாலும் வேறு ஊருக்குப் போய்விடும்.