யார் பெயரில் இருக்கிறது பணம்?

ஓய்வு பெறுகிற மாதத்தில் கைக்கு வரும் பணத்தை வருமான வரித் துறை பெரும்பாலும் தொடுவதில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து சேர்ந்த பி.எஃப். பணத்துக்கு வரி கிடையாது. தனியார் நிறுவன ஊழியருக்கு கிராஜுவிட்டியில் 20 லட்சம் வரை விலக்கு. விடுப்பைச் சரண்டர் செய்து வாங்கும் தொகையில் 2023 ஏப்ரல் முதல் 25 லட்சம் வரை விலக்கு. அரசு ஊழியருக்கு இந்த உச்சவரம்புகூட இல்லை. ஆனால் அந்தப் பணத்தை வங்கியில் போட்ட மறுநாளிலிருந்து அது ஈட்டும் வட்டி முழுவதும் வரிக் கணக்குக்குள் வந்துவிடும். யார் பெயரில் போடுகிறோமோ, அவருடைய கணக்கில்.

நம் வீடுகளில் அந்தப் பெயர் பெரும்பாலும் கணவருடையது. மனைவிக்கு நகை இருக்கும். ஒரு சேமிப்புக் கணக்கும் அதில் சில ஆயிரமும் இருக்கும். எஃப்.டி., தபால் ஆபீஸ், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் கணவர் பெயரில். இந்தப் பழக்கத்தின் விலை என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மாதம் 60,000 ரூபாய் பென்ஷன் வாங்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7.20 லட்சம். நிலையான கழிவு 75,000 போக 6.45 லட்சம். சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தைப் போட்டிருக்கிறார், 8.2 சதவீதத்தில் 2.46 லட்சம் வருகிறது. வங்கியில் 60 லட்சம். 7 சதவீதத்தில் 4.20 லட்சம். ஆக மொத்தம் 13.11 லட்சம். 2025-26 முதல் அமலில் உள்ள புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் இருந்தால் தள்ளுபடியால் வரி பூஜ்யமாகிவிடும். இவர் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி மொத்தமும் போய்விடுகிறது. செஸ் சேர்த்து ஆண்டுக்கு 79,716 ரூபாய் வரி.

அந்த 60 லட்சம் மனைவியின் சொந்தப் பணமாக இருந்திருந்தால்? கணவருக்கு 8.91 லட்சம், மனைவிக்கு 4.20 லட்சம். இருவருக்குமே வரி இல்லை. இதே விதிகளும் வட்டியும் நீடித்தால் இருபது ஆண்டுகளில் கிட்டத்தட்ட 16 லட்சம் ரூபாய் மிச்சம்.

'சரி, ரிட்டயரான மறுநாளே மனைவி பெயருக்கு மாற்றிவிடுகிறேன்' என்று கிளம்ப முடியாது. கணவன் மனைவிக்குக் கொடுக்கும் பணத்துக்கு அன்பளிப்பு வரி இல்லைதான். ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வட்டி, கொடுத்தவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். ஆடிட்டர்கள் இதை 'கிளப்பிங்' என்பார்கள். மாமனார் மருமகளுக்குக் கொடுத்தாலும் இதே கதி. வட்டி மாமனார் கணக்கில் ஏறும்.

இந்த விதியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்புக்கும் சம பங்கு உண்டு என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வருமான வரிச் சட்டம் இன்னும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முப்பத்தைந்து வருடம் வீட்டை நடத்தியவரின் கைக்கு வரும் பணம் அதன் பார்வையில் வெறும் அன்பளிப்புதான்.

ஆகவே வேலையை ஓய்வுக்கு இருபது வருடம் முன்பே தொடங்க வேண்டும். இருவரும் சம்பளம் வாங்கும் வீடுகளில் வழக்கமாக நடப்பது என்ன? மனைவியின் சம்பளம் மளிகைக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் கரைகிறது. கணவரின் சம்பளம் அவர் பெயரிலேயே சேமிப்பாகிறது. கூடுதல் வரி கட்டுபவர் குடும்பச் செலவைப் பார்க்கட்டும். குறைவாகக் கட்டுபவரின் சம்பளம் அப்படியே முதலீடாகட்டும். சட்டத்தில் இதற்கு எந்தத் தடையும் இல்லை.

பிறந்த வீட்டிலிருந்து வருவதும் பெண்ணின் சொந்தப் பணமே. அப்பாவோ அண்ணனோ கொடுத்தால் கிளப்பிங் கிடையாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே சட்டமாக்கியது; மத்தியச் சட்டத் திருத்தம் 2005-ல் வந்தது. ஆனாலும் உறவு கெடக்கூடாது என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள் இன்றும் ஏராளம். அந்தக் கையெழுத்தோடு தங்கள் முதுமைக்கான பணத்தையும் விட்டுக்கொடுக்கிறார்கள்.

சம்பாதிக்காத மனைவிக்கு இருக்கும் நல்ல வழி பி.பி.எஃப். அவர் பெயரில் கணவர் ஆண்டுக்கு 1.5 லட்சம் போடலாம். வட்டி கணவர் கணக்கில் சேர்ந்தாலும் அதற்கு வரியே இல்லாததால் பாதகமில்லை. இன்றைய 7.1 சதவீதம் நீடித்தால் 15 ஆண்டுகளில் சுமார் 40.68 லட்சம் சேரும். அதில் போட்ட அசல் 22.5 லட்சம். பிறகு வெளியே எடுத்து வேறெங்காவது போட்டால் அந்த அசலின் வருமானம் மட்டுமே கணவரைத் துரத்தும். வட்டியாகச் சேர்ந்த 18 லட்சம் ஈட்டுவது மனைவியின் வருமானம். எடுக்க அவசரமில்லை என்றால் ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித்துக்கொண்டே போகலாம்.

பங்குகள், ஈக்விட்டி ஃபண்டுகள் வேறு கணக்கு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் கிடைக்கும் லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 லட்சத் தள்ளுபடி இந்த வரிக்குப் பொருந்தாது என்பதைப் பலர் நோட்டீஸ் வந்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள். ஆண்டுதோறும் அந்த 1.25 லட்சத்துக்குள் லாபத்தை எடுத்து, திரும்ப வாங்கிப் போட்டால் வாங்கிய விலை உயர்ந்துகொண்டே வரும். கடைசியில் மொத்தமாக விற்கும்போது வரி குறையும். கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனியே இந்த வரம்பு உண்டு.

வரியைப் பற்றியே இவ்வளவு பேசினாலும், ஓய்வுக்காலத்தின் பெரிய எதிரி வரி அல்ல, விலைவாசி. 6 சதவீதம் ஏறினால் செலவு 12 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். 60 வயதில் 40,000 ரூபாயில் நடக்கும் வீட்டுக்கு 72 வயதில் 80,000 வேண்டும், 84-ல் 1.6 லட்சம். தனியார் ஊழியர்களின் இ.பி.எஸ். பென்ஷனுக்கோ பஞ்சப்படி கிடையாது. 15,000 ரூபாய் உச்சவரம்பில் 35 ஆண்டு வேலை பார்த்தவருக்கும் மாதம் 7,500-தான், கடைசி வரை. எல்லாவற்றையும் எஃப்.டி.யில் போட்டு நிம்மதியாகத் தூங்குபவர் பத்து வருடம் கழித்து விழித்துக்கொள்வார். ஒரு பகுதியாவது ஈக்விட்டியில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மார்ச் மாத அவசரத்தில் வரிக்காக வாங்கிய எண்டோமென்ட் பாலிசிகளை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன். புதிய வரி முறையில் அவற்றுக்குக் கழிவும் இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மேஜரான மகனுக்கோ மகளுக்கோ கொடுத்தால் கிளப்பிங் வராது. அதனால் வரி குறைகிறதே என்று இருக்கிற வீட்டையும் டெபாசிட்டையும் செட்டில்மென்ட் எழுதிவைப்பவர்கள் உண்டு. எழுதியே தீர வேண்டுமானால் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். 2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. உயில் என்றால் இந்தக் கவலை இல்லை. உயிரோடு இருக்கும்வரை சொத்து உங்களுடையது, மனம் மாறினால் மாற்றி எழுதலாம். வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் செல்லும், பதிவு கட்டாயமில்லை. வங்கியில் இப்போது நான்கு நாமினிகள் வரை போடலாம் என்றாலும், நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே. அது யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயில்தான் சொல்லும்.