உங்களுக்குத் தெரியுமா? பத்து மாடி உயரத்துக்கு ஒரு புல்!

கண்டிக்குப் போகிறவர்கள் பேராதனைத் தாவரவியல் பூங்காவை விடுவதில்லை. அங்கே மகாவலிக் கரையோரம் நிற்கும் ராட்சத மூங்கிலை மரம் என்று நினைத்தே பலர் படம் எடுக்கிறார்கள். அது புல், நெல்லுக்கும் கரும்புக்கும் பங்காளி. பூர்விகம் மியான்மர், யுன்னான் பக்கம்.

உயரம் 30 மீட்டரைத் தாண்டும். கழையின் குறுக்களவு 20 முதல் 30 செ.மீ. மழைக்காலத்தில் ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் வளர்வதும் உண்டு. பள்ளிக்கூட அடிக்கோல் நீளம்!

மரம் ஆண்டுக்கு ஆண்டு பருக்கும். மூங்கில் பருக்காது. முளை மண்ணைப் பிளந்து வரும்போதே அதன் முழுப் பருமன் முடிவாகிவிடும். மடல்மேல் மடலாகப் போர்த்திக்கொண்டு, பானையைக் கவிழ்த்ததுபோல் தலைகாட்டும். மடலைத் தடவிப் பார்க்காதீர்கள், சுணை ஏறும்! சில மாதங்களில் முழு உயரத்தை எட்டிவிடும். அதன்பின் முற்றுவது மட்டுமே பாக்கி. ஆகவே மெலிந்த கழையைப் பார்த்து ‘இளசு’ என்று சொல்லிவிட முடியாது.

மணமக்களை ‘மூங்கில்போல் சுற்றம் சூழ’ வாழ்த்துகிறோமே, காரணம் மண்ணுக்கடியில் இருக்கிறது. இதன் கிழங்கு குட்டை. புது முளை தாயை ஒட்டியே வரும். பக்கத்து வயலுக்கு ஓடாது. ஆனால் குத்து பெருத்துக்கொண்டே போகும். வீட்டுச் சுவரோரம் நட நினைப்பவர்கள் அந்த ஆசையை விட்டுவிடலாம்.

கணுவுக்குக் கீழே அறுத்தால் அடி மூடிய வாளி தயார்! சாரம், காகிதக்கூழ் என்று மற்றப் பயன்களும் உண்டு. குருத்தும் உணவுதான். ஆனால் பச்சையாகத் தின்றால் சயனைடு நஞ்சு; நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

பூப்பது பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை என்பதால் விதைக்குக் காத்திருக்க முடியாது. கணுத் துண்டு அல்லது பக்கக் கிளையைப் பதியம் போடுகிறார்கள். ஈரமான வண்டல் மண் பிடிக்கும். தண்ணீர் தேங்கினால் பிடிக்காது.

இந்திய வனச் சட்டம் 1927 முதல் மூங்கிலை மரமாகவே வைத்திருந்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் அந்தப் பட்டியலிலிருந்து விடுபட்டது 2017இல்தான்!

மூன்று வயதைத் தாண்டிய கழையாகப் பார்த்து வெட்டுங்கள். வெட்டியதும் சில வாரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். மாவுச்சத்து கரைந்து போகாவிட்டால் வண்டு துளைத்து, கழை உளுத்துவிடும்.