கணினிக்குள் ஒரு டர்போபிராப்

திருச்சி விமான நிலையத்தில் ஆறு இதழ் புரொப்பெல்லர் சுழலும் ஏ.டி.ஆர். 72-600 விமானத்தைப் பார்த்திருக்கலாம். 2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அலையன்ஸ் ஏர் இயக்கியதும் இதே ரகம்தான்.

இதைக் கணினியில் பறக்கவிட முடியுமா?

முடியும். 1997-இல் வெளிவரத் தொடங்கிய 'பிளைட்கியர்' என்ற திறமூல மென்பொருளும், அதற்குப் பறத்தல் கணக்குப் போடும் 'ஜே.எஸ்.பி.சிம்' நிரலும் இலவசமே.

ஆனால் ஜெட் எஞ்சினின் கணக்கு இந்த டர்போபிராப் எஞ்சினுக்கு ஏன் பொருந்தாது? ஏ.டி.ஆரின் எஞ்சினில் கம்ப்ரசரைச் சுழற்றும் டர்பைன் வேறு, புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைன் வேறு. இரண்டையும் இணைப்பது சூடான வாயு மட்டுமே. பறக்கும்போது விமானி நெம்புகோலைத் தள்ளினாலும் புரொப்பெல்லரின் சுழல்வேகம் அநேகமாக மாறாது. சுழல்வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் கருவி இதழ்களின் கோணத்தைக் கூட்டுகிறது, அவை காற்றை ஆழமாக வெட்டுகின்றன, உந்துவிசை கூடுகிறது.

இதை நிரலில் எப்படி மாதிரியாக்குகிறார்கள்? முதலில் கம்ப்ரசரின் வேகம். அது உடனே எகிறாமல், சற்றுத் தாமதித்து ஏறும்படி நிரல் கணக்கிடுகிறது. அடுத்து, அந்த வேகத்தையும் புரொப்பெல்லரின் சுழல்வேகத்தையும் வைத்து ஓர் அட்டவணையில் குதிரைத்திறனைத் தேடி எடுக்கிறது. வாயுவின் வெப்பநிலைக்குத் தனி அட்டவணை உண்டு.

தரையிறங்கியதும் இதழ்களை எதிர்க்கோணத்துக்குத் திருப்பி வேகத்தைக் குறைப்பார்கள். அந்த எதிர்க்கோணம் புரொப்பெல்லர் கோப்பிலும், எதிர்த்திசையில் தரும் உச்சத் திறன் எஞ்சின் கோப்பிலும் எண்களாக எழுதப்படுகின்றன.