பழைய எஞ்சினுக்குப் புது வேகமா? சற்றுப் பொறுங்கள்!

உங்கள் வீட்டு முற்றத்திலோ பக்கத்து வீட்டுக் கொட்டிலிலோ ஒரு மொரிஸ் மைனர் கார் நிற்கக் கூடும். வாப்பா ஓட்டியது, அல்லது மூத்தாப்பா வாங்கியது. விற்கவும் மனமில்லை, அதை நம்பி நெடுந்தூரம் போகவும் துணிவில்லை. இந்நிலையில் வீட்டிலிருக்கும் வாலிப மகன் ஒரு நாள் வந்து, "வாப்பா, இந்த எஞ்சினைக் கொஞ்சம் கூட்டி எடுத்தால் புதுக் கார் மாதிரி ஏறும்" என்று சொல்வான். அவனுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? மத்ரஸாவில் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒருவனுக்கு இதிலெல்லாம் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அப்படிக் கூட்டி எடுத்த ஒரு காரின் பின் இருக்கையில் கடுகண்ணாவை ஏற்றத்தில் அமர்ந்திருந்தவன் நான்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் கட்டாரில் சில வருடங்கள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். மர்ஹூமான அவருடைய வாப்பா விட்டுப் போன 948 சீ.சீ. மைனரை ஓட வைக்க வேண்டும் என்பது அவருக்கு ஒரு கடமையாகவே ஆகிவிட்டது. மாவனல்லையிலிருந்து கண்டிக்குப் போகும் பாதையை அறிந்தவர்களுக்கு அந்தக் காரின் கஷ்டம் விளங்கும். நான்கு பேர் ஏறினால் இரண்டாம் கியரிலேயே முனகிக் கொண்டு போகும். பின்னால் வரும் பஸ் ஹோன் அடித்துக் கொண்டேயிருக்கும்.

"ஹஸ்ரத், ஹெட்டைச் சீவினால் பவர் கூடுமாம். ஒரு நாள் வேலைதானாம்" என்றார். எனக்கு அப்போது ஹெட் என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. நல்லதுதானே என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லில் எனக்கும் பங்கு இருப்பதால்தான் பிறகு இந்த விடயத்தைக் கேட்டும் வாசித்தும் அறிந்து கொள்ள நேர்ந்தது.

பழைய நான்கு சிலிண்டர் எஞ்சினைக் கூட்டி எடுப்பது புதிய ஆசையன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1920-களிலும் 1930-களிலும் வாலிபர்கள் போர்ட் மொடல் டி, மொடல் ஏ கார்களை மலிவாக வாங்கினார்கள். மட்காடுகளைக் கழற்றி எறிந்தார்கள். எஞ்சினைத் திருத்தி, மியூரோக் என்னும் வரண்ட ஏரித் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். மொடல் டி எஞ்சினுக்கு 20 குதிரை வலு, மொடல் ஏ எஞ்சினுக்கு 40 குதிரை வலு. எட் வின்பீல்ட் என்பவர் செய்த காபரேட்டரும் கேம் ஷாப்டும் அவர்களிடையே பெரும் பெயர் பெற்றிருந்தன. இப்படித் திருத்திய கார்களுக்குத்தான் பின்னாளில் ஹொட் ரொட் என்ற பெயர் வந்தது. கட்டுப்பாடில்லாத ஓட்டத்தில் ஆபத்து மிகுந்ததால் 1937-இல் அங்குள்ள கழகங்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து ஒழுங்குகளை வகுத்தன. அவர்கள் ஓடியது ஆளில்லாத தரையில் என்பதை மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

நம் முற்றத்து மைனருக்கு வருவோம். இதை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1948-இல் வெளிவந்து, 1970-களின் தொடக்கம் வரை சுமார் 16 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. (1990-களில் இதற்கான தகட்டுப் பாகங்கள் நம் நாட்டில் செய்யப்பட்டு, இந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின என்பது பலருக்குத் தெரியாத செய்தி.) இதன் எஞ்சின் ஏ-சீரிஸ் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. 1951-இல் ஒஸ்டின் ஏ30 காரில் 803 சீ.சீ. அளவில் தொடங்கிய இந்தக் குடும்பம், 2000-ஆம் ஆண்டு கடைசி மினி கார் வெளிவரும் வரை வாழ்ந்தது. மைனரில் 803 சீ.சீ.க்கு 30 குதிரை வலு. 1956-இல் 948 சீ.சீ. வந்தபோது 37. 1962-இல் 1098 சீ.சீ. வந்தபோது 48. அதே குடும்பத்து மினி கூப்பர் எஸ் 1275 சீ.சீ. எஞ்சின் 1964-இல் 76 குதிரை வலுவைக் கொடுத்தது. பார்த்தால் அண்ணனும் தம்பியும் போலிருக்கும். அப்படியானால் நம்முடைய 37-ஐயும் ஏன் ஏற்றக் கூடாது?

ஏற்றலாம். எப்படி என்பதில்தான் விடயம் இருக்கிறது.

948 சீ.சீ. என்பதை நான்கால் பிரித்தால் ஒரு சிலிண்டருக்கு 237 சீ.சீ. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வருகின்றன. பிஸ்டன் மேலே ஏறியதும் அந்தக் கலவை முழுவதும் ஹெட்டில் உள்ள குழிக்குள் அமுங்குகிறது. மைனரில் இந்த அமுக்கம் 8.3-க்கு 1. கணக்குப் போட்டுப் பாருங்கள், மேலே மிஞ்சியிருக்கும் இடம் ஏறத்தாழ 32 சீ.சீ.தான். இந்த அமுக்கத்தை 9.3-ஆக உயர்த்த வேண்டுமானால் குறைக்க வேண்டியது வெறும் 4 சீ.சீ. ஒரு தேக்கரண்டி மருந்தே 5 சீ.சீ. அல்லவா? அந்தத் தேக்கரண்டிக்கும் குறைவான இடத்தில்தான் முழு வித்தையும் அடங்கியிருக்கிறது. ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவினால் குழி சிறுக்கும், அமுக்கம் கூடும், வலுவும் கூடும். எளிதான வேலை போலத் தோன்றுகிறது. தரம் குறைந்த பெட்ரோல் விற்கும் நாடுகளுக்காகக் கம்பனியே 7.2-க்கு 1 என்ற குறைந்த அமுக்கத்தில் இதே எஞ்சினைச் செய்து அனுப்பியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அமுக்கத்தை ஏற்றுவதற்கு முன் என்ன பெட்ரோல் ஊற்றுகிறோம் என்று பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அளவுக்கு மீறி அமுக்கினால் கலவை பிளக்கின் தீப்பொறி பரவி வரும் வரை காத்திருப்பதில்லை. ஓரத்தில் இருக்கும் பகுதி தானாகவே வெடிக்கிறது. தகரப் பேணிக்குள் சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம் கேட்கும். பாரத்தோடு ஏற்றம் ஏறும்போதுதான் அது அதிகமாகக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டும் காலை எடுக்காவிட்டால் கெஸ்கட் போகும், பிஸ்டன் ஓட்டையாகும்.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. ஒரு கராஜில் ஹெட்டைச் சீவிப் பூட்டிக் கொடுத்தார்கள். சமதரையில் கார் பறந்தது உண்மை. அடுத்த வாரமே அவருடைய உம்மாவை வைத்தியரிடம் காட்டக் கண்டிக்குப் புறப்பட்டோம். உம்மா முன்னால், நானும் அவருடைய மச்சானும் பின்னால். ஏற்றம் தொடங்கியதும் சரளைக் கல் சத்தமும் தொடங்கியது. "புது எஞ்சின் சத்தம்தான்" என்றார் மச்சான். குடைந்த கற்பாறைக்குச் சற்று முன்னால் படாரென்று ஒரு வெடிப்பு, பிறகு புகை. காரின் உயிர் பாதியாகப் போய் நின்றுவிட்டது. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே கெஸ்கட் எரிந்து போயிருந்தது. இந்த எஞ்சினில் அந்த இரண்டு சிலிண்டர்களின் புகை வால்வுகளும் அடுத்தடுத்து இருந்து ஒரே வழியால் புகையை விடுகின்றன. சூடு குவியும் இடம் அதுதான். கெஸ்கட் போனால் பெரும்பாலும் அங்கேதான் போகும்.

எஞ்சின் நின்றது பெரிதில்லை. கார் பின்னால் உருளத் தொடங்கியது. ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. கால் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக் கொண்டு அவர் இருக்க, நான் குதித்து இறங்கிக் கையில் அகப்பட்ட கல்லை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் போட்டேன். எங்களுக்குப் பின்னால் ஒரு லொறி. அதன் சாரதி விழிப்பாக இருந்தார், அல்ஹம்துலில்லாஹ். உம்மா இறங்கிப் பாதையோரத்தில் உட்கார்ந்தார். வெகு நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "மகன், இதைக் கூட்டிச் செய்தவர் பிரேக்கைப் பார்த்தாரா?" என்று கேட்டார். எஞ்சினைப் பற்றி எதுவும் அறியாத அந்தத் தாய் கேட்ட கேள்வியை எங்களில் ஒருவரும் அதுவரை கேட்டிருக்கவில்லை.

கம்பனிக்காரர்கள் அதைக் கேட்டிருந்தார்கள். மைனரின் வலு 37-இலிருந்து 48-ஆக உயர்ந்தபோது முன் சக்கர பிரேக் டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெரிதாக்கினார்கள். 1961-இல் பந்தயக் கார் நிபுணர் ஜோன் கூப்பர் மினியின் 34 குதிரை வலுவை 55-ஆக ஏற்றியபோது முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பூட்டப்பட்டது.

அந்தக் கூப்பர் எஞ்சின்களின் கதை படிக்கப் படிக்கச் சுவையானது. சிலிண்டரைப் பெரிதாகத் துளைக்க வேண்டும், ஆனால் எஞ்சின் நீளத்தைக் கூட்ட முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களையும் ஒன்றோடொன்று நெருக்கினார்கள். ஓரத்திலுள்ள இரண்டையும் வெளிப்பக்கமாகத் தள்ளினார்கள். இப்படி 70.6 மில்லி மீற்றர் துளைக்கு இடம் கிடைத்தது. மூன்றே இடங்களில் தாங்கப்படும் கிரேங்க் ஷாப்ட் வேகத்தில் வளைந்து விடாமலிருக்க அதை உயர்ந்த உருக்கில் செய்தார்கள். 1964-இல் மொன்டி கார்லோ ரெலிப் போட்டியில் பெடி ஹொப்கர்க் பெரிய பெரிய எஞ்சின்களை வைத்திருந்தவர்களை எல்லாம் வென்றது 1071 சீ.சீ. எஞ்சின் கொண்ட மினியில்தான். ஹெட்டின் உள் வழிகளைத் திருத்துவதில் கைதேர்ந்தவர் டேனியல் ரிச்மன்ட். வில்ட்ஷயர் மாவட்டத்தின் டவுன்டன் கிராமத்தில் சிறு தொழிற்சாலை வைத்திருந்த அவரிடம் அந்தப் பெரிய கம்பனியே ஆலோசனை கேட்டது.

வழிகளைத் திருத்துவது ஏன் அவ்வளவு முக்கியம்? இந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கும் காற்று உள்ளே வர இரண்டே வாசல்கள். முதலாமதும் இரண்டாமதும் ஒரு வாசலைப் பகிர்கின்றன. மூன்றாமதும் நான்காமதும் மற்றதை. ஒரு வீட்டின் ஒற்றை வாசலால் ஒருவர் நுழைந்து முடியும் முன் மற்றவரும் நுழைய வந்தால் எப்படியிருக்கும்? அந்த நெரிசலைக் குறைத்தால் அமுக்கத்தை அதிகம் கூட்டாமலே வலு கூடுகிறது.

இதையெல்லாம் எனக்கு விளங்க வைத்தவர் எங்கள் பக்கத்தில் சிறு கராஜ் வைத்திருக்கும் வயதான பாஸ் ஒருவர். எரிந்த ஹெட்டை அவரிடம் கொண்டு போனோம். அவர் முதலில் செய்த வேலை எனக்கு வியப்பாக இருந்தது. ஹெட்டைக் கவிழ்த்து, துளையிட்ட கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் தகட்டைக் குழியின் மேல் வைத்தார். ஆய்வுகூடத்துப் பியூரெட் குழாயால் மண்ணெண்ணெய் விட்டு அளந்தார். ஒரு குழி 18 சீ.சீ., அடுத்தது 18-க்கும் குறைவு, மற்ற இரண்டும் 20. சீவியவர் அளவுக்கு மீறிச் சீவியதோடு சாய்த்தும் சீவியிருந்தார்.

"மௌலவி, நாலு பிள்ளைக்கும் ஒரே அளவில் சோறு போட வேண்டும். இது ஒருத்தனுக்குக் கூட, ஒருத்தனுக்குக் குறைவு" என்றார் பாஸ். "தம்பி, சீவினதைத் திரும்ப ஒட்ட ஏலாது. வேறு ஹெட் தேடுங்கள்."

பழைய சாமான் கடையொன்றில் 1098 சீ.சீ. மைனரின் ஹெட் ஒன்று அகப்பட்டது. அதன் உள்ளிழுக்கும் வால்வும் வழியும் சற்றுப் பெரியவை. 948-இல் அப்படியே உட்காரும். பாஸ் வழிகளைக் கண்ணாடி போல மினுக்கவில்லை. மெனிபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் இருந்த படியை அகற்றினார், வால்வு உட்காரும் இடத்துக்குக் கீழுள்ள கழுத்தை ஒழுங்காக்கினார், நான்கு குழிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்தார். அமுக்கம் 9-க்கு மேல் போகவிடவில்லை. நம் நாட்டில் 2002-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. பழைய இரும்பு ஹெட்டில் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். ஆகவே புகை வால்வுகளுக்குக் கடினமான இருக்கை வளையங்கள் இறக்கினார். காபரேட்டரின் ஊசியை மாற்றினார். காற்று அதிகம் வந்து பெட்ரோல் போதாமற் போனால் எஞ்சின் சூடேறும் என்றார்.

இத்தனைக்கும் பிறகு அவர் காரைக் கையில் கொடுக்கவில்லை. 1098 காரின் 8 அங்குல முன் பிரேக்குகளைத் தேடிப் பூட்டும் வரை மூன்று வாரம் காரைக் கராஜிலேயே நிறுத்தி வைத்தார். ஹேண்ட் பிரேக் கேபிளையும் மாற்றினார். மாணவர் முணுமுணுத்தார். அவருடைய உம்மா மட்டும், "பாஸ் சொல்லும் வரை இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். ஜப்பான் எஞ்சினைத் தூக்கி வைத்தால் இவ்வளவு சிரமம் ஏன் என்று சிலர் கேட்டார்கள். அப்படிச் செய்த மைனர்கள் நம் பாதைகளில் நிறைய ஓடுகின்றன, அதில் தவறு காண்பதற்கில்லை. ஆனால் மாணவருக்கு வாப்பா கேட்ட அந்த எஞ்சின் சத்தம் வேண்டும்.

இப்போது அந்தக் கார் நான்கு பேரோடு மூன்றாம் கியரில் ஏற்றத்தின் பெரும்பகுதியை ஏறுகிறது. ஒக்டேன் 95 பெட்ரோல்தான் ஊற்றுகிறார். குடைந்த பாறை வரும்போது உம்மா இன்னும் கதவுப் பிடியை இறுகப் பற்றிக் கொள்கிறார். ஹெட் பூட்டியபின் 500 கிலோ மீற்றர் ஓடியதும் போல்ட்டுகளை இறுக்கி, வால்வு இடைவெளியை 12 தௌ அளவுக்குச் சரிபார்க்க வேண்டுமாம். வரும் சனிக்கிழமை காலையில் காரை ஆற வைத்துக் கொண்டு வரும்படி பாஸ் சொல்லியிருக்கிறார். எஞ்சின் சூடாக இருந்தால் தொட மாட்டாராம். என்னையும் கூட வரச் சொன்னார் மாணவர்.