உள்ளங்கையில் ஒரு பாட்டுப் பெட்டி!



உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட்டுகள் தூங்குகின்றனவா? பாட்டி பாடிய தாலாட்டோ, அப்பாவின் மழலைப் பேச்சோ அவற்றில் இருக்கலாம். எங்கள் எலவனாசூர்கோட்டைப் பக்கம் நடவுப் பாட்டு பாடிய கிழவிகளின் குரலைக் கூட இப்படிப் பிடித்து வைத்தவர்கள் உண்டு. ஆனால், கேசட்டுக்குள் இருப்பது காந்தத் தூள் பூசிய பிளாஸ்டிக் நாடா. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். நாளாக ஆக ஒலி மங்கும். நாடா வீணானால், அந்தக் குரலும் போச்சு!

அதைக் காப்பாற்றி, வீட்டில் எல்லாரும் தினமும் கேட்கும்படி செய்ய ஒரு குட்டிக் கருவி இருக்கிறது.

சீட்டு அளவில் கணினி!

இங்கிலாந்தில் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழக வேண்டும் என்பதற்காக, 2012 பிப்ரவரி 29ல் 'ராஸ்பெரி பை' என்ற கணினி விற்பனைக்கு வந்தது. அப்போது அதன் விலை 35 டாலர். நீளம் 85 மி.மீ., அகலம் 56 மி.மீ. அவ்வளவுதான்! ஒரே பலகையில் மூளை, நினைவகம் எல்லாம் அடங்கியிருக்கும்.

இதில் ஒரு மெமரி கார்டைச் செருகி, 'மூட்', 'வால்யூமியோ', 'பைகோர்பிளேயர்' போன்ற மென்பொருளில் ஒன்றைப் போட்டால், அது பாட்டுப் பெட்டி ஆகிவிடும். திரை வேண்டாம், விசைப்பலகை வேண்டாம். வீட்டு வைஃபை வழியாகக் கைபேசியிலேயே பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். கார்டில் உள்ள பாட்டுக்கு இணையமும் தேவையில்லை. கணினிக்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே. அந்த எண்களை ஒலியாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்பும் சிறு பலகைக்கு 'டேக்' என்று பெயர்.

நோட்டை எடுங்கள்!

குறுந்தகடு தரத்தில் ஒலியை ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவுக்கும் 2 பைட். இடம், வலம் என 2 பக்கம். பெருக்கினால் நொடிக்கு 1,76,400 பைட். அடேயப்பா! 60 நிமிட கேசட்டுக்குச் சுமார் 63.5 கோடி பைட். 32 ஜி.பி. கார்டில் சுமார் 3,200 கோடி பைட் இடம் உண்டு. மென்பொருளுக்குக் கொஞ்சம் ஒதுக்கினாலும், எத்தனை கேசட் அடங்கும்? நாற்பதுக்கு மேல்!

பூட்டாத பெட்டி

இந்த மென்பொருள்களின் அடிப்படை 'லினக்ஸ்'. அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். இதுவே திறந்த மூல மென்பொருள். நம் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் லினக்ஸ் குடும்பம்தான்.

இதனால் என்ன லாபம்? 'ஸ்குவீஸ்பாக்ஸ்' என்ற வீட்டுப் பாட்டுக் கருவியைத் தயாரித்த நிறுவனம் 2012ல் அதை நிறுத்திவிட்டது. பாட்டு அனுப்பும் மென்பொருளின் நிரல் திறந்திருந்ததால், ஆர்வலர்கள் அதைக் கைவிடாமல் வளர்த்தார்கள். இப்போது அதன் பெயர் 'லிரியான்'. பழைய கருவிகள் இன்றும் பாடுகின்றன! விதைநெல் கையில் இருந்தால், கடை மூடினாலும் விதைக்கலாம் அல்லவா?

நீங்கள் செய்ய வேண்டியது

முதலில் குரலைக் காப்பாற்றுங்கள். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்கு ஒயர் இணைத்து, 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். ஒன்றுக்கு இரண்டு பிரதி வையுங்கள். கார்டும் ஒருநாள் கெடும். பதிவில் பேசுபவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பெயர் தெரியாத குரல், பாதி தொலைந்த குரல்.

ஒரு எச்சரிக்கை: குட்டிக் கணினிக்கு 5 வோல்ட் மின்சாரம் போதும். ஆனால், வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஆம்ப்ளிஃபயரை நீங்களாகத் திறக்கக் கூடாது. பெரியவர் துணை அவசியம்.

கேசட் இல்லாத வீடா? கவலை வேண்டாம். பாட்டி பக்கத்தில் இருக்கிறாரே! இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கதை சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், செல்லங்களே!