உள்ளங்கையில் உருகும் உலோகம்!

இரும்பை உருக்க உலை வேண்டும். ஈயத்தை உருக்கக்கூட அடுப்பு வேண்டும். ஆனால், உள்ளங்கையில் வைத்தாலே வெண்ணெய் மாதிரி உருகிவிடும் உலோகம் ஒன்று உண்டு. அதுதான் காலியம்!

1875-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லெகாக் டி புவாபோத்ரான் கண்டுபிடித்தது இது. உருகும் வெப்பநிலை 29.76 டிகிரி செல்சியஸ்தான். நம் உடம்புச் சூடு 37 டிகிரி. அப்புறம் உருகாமல் என்ன செய்யும்?

'சரி, இதனால் எங்களுக்கு என்ன லாபம்?' என்கிறீர்களா? உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கிறது பதில். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி தெர்மாமீட்டர்!

பழைய தெர்மாமீட்டரில் இருப்பது பாதரசம். உடைந்தால் சின்னச் சின்ன உருண்டைகளாக ஓடி ஒளிந்துகொள்ளும். அறைச் சூட்டிலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சுக்காற்றோடு நுரையீரலுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, மூளையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து அதிகம்.

காலியம் அப்படியல்ல. அது கொதிக்க 2,200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆகவே வீட்டில் அது ஆவியாகும் பேச்சே இல்லை. அதோடு இண்டியம், வெள்ளீயம் இரண்டையும் சேர்த்தால் குளிரிலும் உறையாத திரவம் கிடைக்கிறது. 'மெர்க்குரி ஃப்ரீ' என்று அட்டையில் போட்டு வரும் கண்ணாடி தெர்மாமீட்டர்கள் பலவற்றில் இருப்பது இந்தக் கலவைதான். ஒரே ஒரு சிரமம், இதைக் கொஞ்சம் பலமாக உதற வேண்டும்.

பாதரச தெர்மாமீட்டர் உடைந்தால் என்ன செய்வது?

* குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.
* மோதிரம், வளையல்களைக் கழற்றிவிடுங்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்.
* துடைப்பமோ, வேக்குவம் கிளீனரோ கூடவே கூடாது. உருண்டைகள் இன்னும் சிதறும், ஆவி பரவும்.
* கையுறை போட்டு, கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள். சாக்கடையில் கொட்டாதீர்கள்.

காலியம் கலந்தது உடைந்தால் இத்தனை பயம் தேவையில்லை. கண்ணாடித் துண்டுகளை ஜாக்கிரதையாக எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடைத்தால் போதும். ஆனால் அலுமினியப் பாத்திரத்தில் பட விடாதீர்கள். காலியம் அலுமினியத்துக்குள் ஊடுருவி, அதை அப்பளம் போல நொறுங்க வைத்துவிடும். விமானத்தில் காலியம் கொண்டுபோகக் கடும் கட்டுப்பாடு இருப்பது இதனால்தான்.

ஆஸ்பத்திரியிலும் காலியத்துக்கு வேலை உண்டு. கதிரியக்கமுள்ள காலியம்-67 ஐ ஊசி வழியாகச் செலுத்தினால், உடம்பு அதை இரும்புச்சத்து என்று நினைத்து ஏமாந்து, கிருமித் தொற்று உள்ள இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஸ்கேனில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். காலியம்-68 இன்று புராஸ்டேட் புற்றுநோய் எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்க உதவுகிறது. அது மட்டுமா? உங்கள் வீட்டு எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருவதும் காலியம் நைட்ரைடால்தான்!

விஷம் குறைவு என்பதற்காகக் காலியம் விளையாட்டுப் பொருளாகிவிடாது. கைபட்டால் சாம்பல் கறை பிடிக்கும். குழந்தைகள் வாயில் வைத்துவிடக்கூடாது. முதல் வேலையாக, உங்கள் தெர்மாமீட்டரில் இருப்பது எது என்று இன்றைக்கே அட்டையைப் பார்த்துவிடுங்கள். உடைந்த பிறகு தேடினால் பிரயோஜனமில்லை!